பின்பக்கம் தாழ்ந்த வண்டிக்கு எத்தனை பட்டை?

மும்பை, புனே பக்கம் கட்டட வேலையை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்யும் நம்மவர்கள் பலர் சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வைத்திருக்கிறார்கள். சிமென்ட் மூட்டை, சென்ட்ரிங் ஷீட், இரும்புக் கம்பி எல்லாம் அதில்தான் போகின்றன. போதாததற்குக் கலவை மிஷினையும் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிறார்கள். ஓரிரு வருடத்தில் வண்டி பின்பக்கம் தாழ்ந்து, முன்பக்கம் நிமிர்ந்து நிற்கிறது. மிஸ்திரியிடம் போனால் கிடைக்கும் யோசனை ஒன்றுதான்: "ஏக் பட்டா அவுர் டாலோ." சில ஆயிரம் ரூபாயில் காரியம் முடிந்துவிடும். ஆனால் குடும்பமே நம்பியிருக்கும் வண்டி என்பதால், பட்டையைச் சேர்க்கும் முன் கொஞ்சம் கணக்குப் பார்ப்பது நல்லது.

நம் ஊரில் கமான் பட்டை என்போம். இங்கே கமானி என்கிறார்கள். இரண்டும் வில்லைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தவை. பொருத்தமான பெயர்தான். பாரம் ஏறும்போது வில்லைப் போல வளைந்து, இறங்கியதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

ஒரே கனமுள்ள 5 பட்டைகளோடு அதே அளவில் ஆறாவதைச் சேர்த்தால் விறைப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடும். ஆனால் 8 மில்லிமீட்டர் பட்டைகளுக்குப் பதில் 10 மில்லிமீட்டர் பட்டைகளாகப் போட்டால் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடும். கனம் சற்றே கூடினாலும் விறைப்பு மும்மடிக் கணக்கில் ஏறுவதே காரணம். "கொஞ்சம் மொத்தமான பட்டை, அவ்வளவுதானே" என்று விட்டுவிடக் கூடாது.

முதலில் வண்டி தாழ்வது பாரத்தாலா, பட்டை சோர்ந்து போனதாலா என்று பாருங்கள். காலி வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே பாடியின் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான பாரம் ஏற்றியபின் மறுபடி அளங்கள். காலியாக இருக்கும்போதே ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தக் கட்டில் பட்டை உடைந்தோ சோர்ந்தோ இருக்கிறது. அதற்குப் புதுக் கட்டுதான் மருந்து, கூடுதல் பட்டை அல்ல.

கொக்கியின் பாரத்தைப் பலரும் குறைத்தே எண்ணுகிறார்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் 3 மீட்டர், பின் அச்சிலிருந்து கொக்கி 1.2 மீட்டர் பின்னால் என்று வையுங்கள். மிஷினின் இழுகம்பி கொக்கியில் 100 கிலோ அழுத்தினால் பின் அச்சில் ஏறுவது 140 கிலோ. மீதி 40 கிலோ முன் சக்கரத்திலிருந்து கழிந்துவிடுகிறது. ஸ்டீயரிங் லேசாவதும், இரவில் நம் விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதும் இதனால்தான்.

எடை மேடைக்குப் போய், மிஷினைக் கழற்றாமல், பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி எடை எடுங்கள். வண்டிப் பத்திரத்தில் உள்ள பின் அச்சு எடையை இது தாண்டினால் எந்தப் பட்டையும் உதவாது. பட்டை தாங்கினாலும் டயரும் அச்சும் பிரேக்கும் பழையவைதானே. 2019 திருத்தச் சட்டத்தின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. பட்டை சேர்த்திருக்கிறேன் என்று அங்கே சொல்லிப் பயனில்லை.

மிஸ்திரிகள் பெரும்பாலும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. சில வண்டிகளில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைத்த வால்வு இருக்கிறது. வண்டி தாழ்ந்தால் பாரம் இருக்கிறது என்று அறிந்து பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும், உயர்ந்தால் குறைக்கும். கனத்த பட்டை போட்டு வண்டி தூக்கி நின்றால், முழுப் பாரத்திலும் அது வண்டி காலி என்றே நினைக்கும். கண்டாலா மலைப்பாதையில் மிஷினை இழுத்துக்கொண்டு இறங்கும்போது பின் பிரேக் அரைகுறையாய்ப் பிடித்தால் என்ன ஆகும்! அடியில் அந்தக் கம்பி இருந்தால், பட்டை மாற்றியபின் கம்பெனி சர்வீஸில் வால்வைச் சரிசெய்யாமல் வண்டியை எடுக்காதீர்கள்.

எடை அளவுக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் பாரத்தில் அதிகம் தாழ்கிறது என்றால், என் தேர்வு ஹெல்பர் பட்டைதான். காலி வண்டியில் அது தொடாமல் நிற்கும். பாரம் ஏறிய பிறகே வேலை செய்யும். எல்லாப் பட்டையையும் கனமாக்கினால், பாதி நாள் காலியாகத் திரும்பும் வண்டி குதிக்கும். மழைக்காலத்தில் பின் சக்கரம் பிடிமானம் இழந்து வழுக்கும். தினமும் முழுப் பாரம் ஏற்றுகிறவருக்கு மட்டுமே முழுக் கட்டையும் விறைப்பாக்குவதில் அர்த்தம் உண்டு.

பழைய பட்டையை உலையில் காய்ச்சி வளைத்துக் கொடுப்பதும் உண்டு. முறையாகப் பதம் ஏற்றாவிட்டால் சில மாதத்தில் மறுபடி படுத்துவிடும். உடைந்த பட்டையை வெல்டிங் வைக்க ஒப்பவே வேண்டாம்.

இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். யூ போல்ட்டுகளைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் பாரம் ஏற்றிய நிலையில் மறுபடி முடுக்கச் சொல்லுங்கள். அவை தளர்ந்தால் பட்டைகள் நடு போல்ட் துளையருகே அசைந்து, பெரும்பாலும் அங்கேதான் முறியும்.