உத்தியோகமும் அதன் ஆங்கிலமும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்துப் பெரியோர் வாக்கு. அரசாங்கத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே எங்கள் பாட்டிமாரின் நாவிலே கோறணமேந்து ஆயிற்று. சொல்லை இவ்வாறு தம் வசமாக்கிக் கொண்டவர்கள், அதனைத் தொடர்ந்து வந்த லீவு, பென்ஷன், இன்கிறிமென்ற் முதலிய சொற்களின் பொருளையும் ஐயந்திரிபற அறிந்திருந்தனர். ஊருக்கு நாலு லிகிதர்களும் எட்டு ஆசிரியர்களும் இருந்தமையால், கடிதம் ஒன்று வந்தால் வாசித்துப் பொருள் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை.

இன்று நம் பிள்ளைகளிற் பலர் தனியார் நிறுவனங்களை நாடிச் செல்கின்றனர். வங்கி, காப்புறுதிக் கம்பனி, ஆடைத் தொழிற்சாலை, சுற்றுலா விடுதி, கணினி நிறுவனம் ஆகிய எதுவாயினும், அவர்களை வரவேற்பதும் வழியனுப்பி வைப்பதும் மனிதவளப் பிரிவு என்னும் ஒரு பகுதியே. அப்பகுதியின் கடிதங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் மிகப் பலவல்ல. ஓர் அப்பியாசக் கொப்பியின் நாலு பக்கத்துள் அடங்கிவிடும். ஆயினும் அச்சிறு தொகுதியை அறியாதவன் அடையக்கூடிய நட்டம் சிறியதன்று. இதனை எனக்கு உணர்த்தியவர் என் பழைய மாணவர் ஒருவர்.

ஒரு சிறு வினைச்சொல்

அவர் படிப்பிற் கெட்டிக்காரர். கொழும்பிலே ஒரு தனியார் நிறுவனத்தில் நாலு வருடமும் பத்து மாதமும் பணியாற்றியிருந்தார். ஊரிலே தாயாருக்குச் சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தமையால், ஒரு மாத லீவு கேட்டுக் கடிதம் எழுதினார். "ஐ விஷ் ரு ரேக் லீவ்" என்று எழுத வேண்டியவர், அவசரத்திலே "ஐ விஷ் ரு லீவ்" என்று எழுதிவிட்டார். ரேக் என்னும் சிறு வினைச்சொல் விடுபட்டது. லீவு வேண்டுமென்ற கடிதம், வேலையை விட்டுப் போக விரும்புகிறேன் என்ற கடிதமாகிவிட்டது.

அலுவலகத்திலிருந்து இரண்டு வரியில் மறுமொழி வந்தது. உமது றெசிக்னேஷன் அக்செப்ற் செய்யப்பட்டது என்பது அதன் சாரம். றெசிக்னேஷன் என்ற சொல் அவருக்குத் தெரியாது. ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற சொல் தெரியும். தெரிந்த சொல்லைக் கண்டு மனம் ஆறி, லீவு கிடைத்துவிட்டதென்றே நம்பி, தாயின் கட்டிலருகே ஒரு மாதம் இருந்துவிட்டார்.

திரும்பிச் சென்றபோது அவருடைய கதிரையில் வேறொருவர் இருந்தார். நடந்ததைக் கேட்டு இரங்கிய மேலாளர், புதிதாக ஒரு நியமனக் கடிதம் கொடுத்து அவரைச் சேர்த்துக் கொண்டார். நன்றிப் பெருக்கில் அவர் அதனை வாசியாமலே கையொப்பமிட்டார். அக்கடிதத்திலே "வித் இஃபெக்ற் ஃபிறம்" என்னும் தொடரை அடுத்துப் புதிய திகதியொன்று இருந்தது. இன்ன நாள் முதற்கொண்டு நடைமுறைக்கு வரும் என்பது அதன் பொருள். முன்னைய சேவைக்காலம் அந்த ஒரு தொடரிலே கழிந்து போயிற்று.

இரண்டு வருடங்களின் பின் வேறு வேலைக்குச் செல்ல முற்பட்டுப் பணிக்கொடையைப் பற்றி விசாரித்தபோதுதான் உண்மை வெளியாயிற்று. இரு கடிதங்களையும் எடுத்துக் கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "சேர், நீங்கள் படிப்பித்த மாதிரித்தான் எழுதினேன்" என்றார். குற்றஞ்சாட்டும் நோக்கம் அவருக்கு இருக்கவில்லை. எனினும் அச்சொல் என் நெஞ்சிலே தைத்தது. நான் அவருக்குப் படிப்பித்தது, காய்ச்சல் காரணமாகப் பாடசாலைக்கு வரவில்லை என்று அதிபருக்கு எழுதும் கடிதம். பல வருடம் அதையே மனனஞ் செய்யவைத்தோம். உழைக்கப் போகும் பிள்ளைக்கு உழைப்பின் மொழியை ஒருநாளேனும் சொல்லிக் கொடுத்தோமா?

மனிதன் வளமான கதை

முதலிலே அப்பிரிவின் பெயரை நோக்குவோம். இங்கிலாந்தின் யோர்க் நகரத்து றவுன்றி கொக்கோத் தொழிற்சாலையிலே 1896 ஆம் ஆண்டு மேரி வூட் என்னும் பெண்மணி, வேலைசெய்யும் பெண்களின் நலங்களைக் கவனிப்பதற்காக நியமிக்கப்பட்டார். இத்தகைய நலப்பணியாளர்கள் 1913 ஆம் ஆண்டு அதே நகரிலே கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். அக்காலத்தில் இத்தொழிலின் பெயர் வெல்ஃபெயர், அதாவது நலம் பேணுதல். பின்னர் அது பேர்சனெல் ஆயிற்று; ஆளணி என்று நாம் அதனை மொழிபெயர்த்தோம். அதன்பின் ஹியூமன் றிசோர்சஸ் என்ற பெயர் பரவியது. இத்தொடரை ஜோன் கொமன்ஸ் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் 1893 ஆம் ஆண்டு நூலொன்றிலே எடுத்தாண்டார். பீற்றர் டிறக்கர் 1954 ஆம் ஆண்டு வெளியிட்ட முகாமைத்துவ நூல் அதற்கு இன்றைய கருத்தைக் கொடுத்தது.

நலம், ஆள், வளம் என்று பெயர் மாறியிருக்கிறது. வளம் என்னுஞ் சொல் நல்ல சொல்லே. மண்ணின் வளத்தைப் பேணுகிற கமக்காரனும் உண்டு, அகழ்ந்து விற்பவனும் உண்டு. எந்த அலுவலகம் எவ்வகையினது என்பதை அதன் கடிதத்தை வாசிக்கத் தெரிந்தவனே அறிவான்.

வாசலிலே வரும் சொற்கள்

வேலைக்கு விண்ணப்பிப்பவன் கன்டிடேற். வெள்ளையுடுத்தவன் என்பது இதன் மூலப்பொருள். பழைய உரோமாபுரியில் பதவிக்குப் போட்டியிட்டவர்கள் வெளுத்த மேலாடை அணிந்து மக்கள்முன் நடந்தனர். நேர்முகப் பரீட்சைக்குத் தூய வெள்ளைச் சட்டை தேடும் நம் இளைஞர்கள் அறியாமலே அவ்வழக்கத்தைக் காக்கின்றனர். ஆட்சேர்ப்பைக் குறிக்கும் றிக்குறூட் என்பதற்குப் பிரெஞ்சு மொழியிலே புதுத்தளிர் என்பது அடிக்கருத்து.

தேறியவனுக்கு வருவது அப்பொயின்ற்மென்ற் லெற்றர், நியமனக் கடிதம். அதிலே முதலிற் காண வேண்டியது புறொபேஷன். சோதித்தறிதல் என்னும் இலத்தீன் அடியிலிருந்து பிறந்த இச்சொல்லைத் தகுதிகாண் காலம் என்கிறோம். அக்காலம் நிறைவுற்றபின் நியமனம் உறுதி செய்யப்படுதலே கொன்ஃபேமேஷன். காலம் முடிந்தும் உறுதிக் கடிதம் வரவில்லையேல், பணிவாக எழுதிக் கேட்பது தவறன்று. 'எக்ஸ்ரென்ட்' என்ற சொல்லோடு கடிதம் வருமாயின், தகுதிகாண் காலம் நீட்டப்பட்டது என்பது பொருள். அதனைப் பாராட்டென்று கருதி வீட்டிலே பாற்சோறு பொங்கியவர்களையும் நான் அறிவேன்.

பணத்தின் சொற்கள்

சம்பளத்தைக் குறிக்கும் சலறி என்ற சொல், உப்பைக் குறிக்கும் இலத்தீன் சொல்லோடு உறவுடையது. உரோமப் போர்வீரருக்கு உப்பையே கூலியாக அளந்தனர் என்று கூறப்படும் கதைக்குப் பழைய சான்று இல்லை. சொல்லுறவு மாத்திரம் மெய். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்ற நம் பழமொழிக்கும் அதற்கும் உள்ள இசைவு இனிமையானது.

ஊதியத்துக்குரிய மற்றொரு சொல் றெமியூனறேஷன். இதனை எழுதும்போது படித்தவர்களும் தடுமாறுகின்றனர். எண்ணைக் குறிக்கும் நம்பர் நினைவுக்கு வருவதால் னகரத்தை முன்னே எழுதிவிடுவர். கொடை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே இதன் அடி. ஆகவே மகரம் முன், னகரம் பின் என்று நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

பேசிக் சலறி என்பது அடிப்படைச் சம்பளம். அலவன்ஸ் என்பது படி. இரண்டும் சேர்ந்தது குறோஸ். கழிவுகள் போகக் கைக்கு வருவது நெற். நேர்முகப் பரீட்சையில் ஒரு தொகை சொல்லப்பட்டால், அது இவற்றுள் எது என்று கேட்டறிய வேண்டும்.

கழிவுகளுள் முதன்மையானது ஊழியர் சேமலாப நிதி. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இந்நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில்தருநர் 12 வீதமும் செலுத்துதல் வேண்டும். 1980 ஆம் ஆண்டிலே தோன்றிய ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குரிய 3 வீதத்தைத் தொழில்தருநரே செலுத்துவார். அது ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிக்கப்படலாகாது. கணக்காகப் பார்ப்போம். நிதிக்குரிய சம்பளம் 50,000 ரூபாயாயின் ஊழியர் பங்கு 4,000, தொழில்தருநர் பங்கு 6,000, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 1,500. டிடக்ஷன் என்றால் கழிவு, கொன்றிபியூஷன் என்றால் செலுத்தும் பங்கு. இவ்விரு சொல்லும் தெரிந்தால், சம்பளச் சீட்டைப் பிள்ளை தானே சரிபார்த்துக் கொள்ளும்.

இனி, என் மாணவர் இழந்த கிறாற்றுவிற்றி. நன்றியோடு தொடர்புடைய அடியிலிருந்து வந்த இச்சொல்லே பணிக்கொடை. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் இடத்திலே, ஐந்து வருடம் நிறைவு செய்த ஊழியருக்கு, நிறைவான ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்ற கணக்கிலே, மாதச் சம்பளக்காரருக்கு இது உரியதென 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் கூறுகின்றது. அவருடைய சேவை முறியாதிருந்தால் ஆறு வருடங்கள் நிறைவெய்தியிருக்கும். மூன்று மாதச் சம்பளம் கிடைத்திருக்கும்.

லீவின் வகைகள்

கடை, காரியாலய ஊழியர் பற்றிய 1954 ஆம் ஆண்டின் சட்டப்படி, இரண்டாம் வருடம் முதல் வருடாந்த லீவு 14 நாள், கசுவல் லீவு 7 நாள். கசுவல் என்பதைச் சாதாரணம் என்று பலர் பொருள் கொள்கின்றனர். எதிர்பாராது நேர்வது என்பதே அதன் வேர்ப்பொருள். சொந்த அலுவல், சுகவீனம் முதலியவற்றுக்காக எடுப்பது அது. நோ பே லீவு என்பது சம்பளமற்ற லீவு.

இவ்விடத்திலே இலக்கணத்தையும் கவனியுங்கள். லீவ் என்ற சொல் பெயராக நின்றால் ஓய்வு. வினையாக நின்றால் பிரிவு. லீவிலே இருக்கிறேன் என்பதற்கு "ஒன் லீவ்" என்று எழுதுக. லீவுக்கு விண்ணப்பிக்கிறேன் என்பதற்கு "அப்ளை ஃபோர் லீவ்" என்று எழுதுக. எத்தனை நாள், எத்திகதி முதல் எத்திகதி வரை, எந்நாள் கடமைக்குத் திரும்புவேன் என்பவற்றையும் சேர்த்து எழுதுக. திரும்பும் நாளை எழுதியிருந்தால், என் மாணவரின் கடிதத்தை எவரும் பிழையாக விளங்கியிருக்க மாட்டார்கள்.

பிரிவின் சொற்கள்

தானாக விலகுதல் றிசைன். வயதெய்தி ஓய்வு பெறுதல் றிரையர். ஒழுக்கக்கேடு காரணமாக நீக்கப்படுதல் டிஸ்மிஸ். பாடசாலையில் மணியடித்தபின் வகுப்பு டிஸ்மிஸ் ஆவது மகிழ்ச்சி. காரியாலயத்திலே அச்சொல் வாழ்நாள் வடு. ரேமினேஷன் என்பது எவ்வகையாலேனும் வேலை முடிவுறுத்தப்படுதல். ஆட்குறைப்பினால் நீக்குதல் றிறென்ச்மென்ற். மிகையானவர் என்று நீக்குதற்கு றிடண்டன்சி என்பர். கரைமீறி வழியும் அலையே இச்சொல்லின் மூலம்.

வேக்கேஷன் ஒஃப் போஸ்ற் என்னும் தொடரைக் கண்டால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். விடுமுறை என்று எண்ணி ஏமாறுவர். அறிவியாது வராதிருந்தமையால், பதவியைத் தானே விட்டுச் சென்றவராகக் கருதப்படுதல் என்பது அதன் பொருள். ஷோ கோஸ் லெற்றர் வந்தால், குறித்த நாளுள் எழுத்திலே விளக்கம் கொடுத்தல் வேண்டும். மௌனம் நமக்கு உதவாது.

15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள இடத்திலே, ஒழுக்காற்றுக் காரணமின்றி ஊழியரை நீக்குவதாயின், அவருடைய எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன் அனுமதியோ வேண்டுமென 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் பொதுவாக விதிக்கின்றது. அற்ப காலம் பணியாற்றியோர் போன்ற சிலருக்கு அது பொருந்தாது. ஊழியரின் சம்மதத்துக்கு எத்துணை நிறை உண்டென்பதை இதனால் அறியலாம். கொன்சென்ற் என்னுஞ் சொல் உள்ள தாளிலே, விளங்காமற் கையொப்பமிடுதல் கண்ணை மூடிக்கொண்டு கிணற்றடியில் நடப்பதை ஒக்கும்.

நாம் செய்யத்தக்கது

ஆங்கிலம் பேசத் தெரியாமை வெட்கமன்று. விளங்காததை விளங்கியதாகக் காட்டிக் கையொப்பமிடுதலே ஆபத்து. "இதனை வீட்டுக்குக் கொண்டு சென்று வாசித்து நாளை தருகிறேன்" என்று கூறும் துணிவைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு ஊட்டுதல் வேண்டும். மாணவர்கள் ஒரு கொப்பியில் இச்சொற்களை நான்கு பிரிவாக, சேர்தல், சம்பளம், லீவு, பிரிதல் என எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் அமைத்துப் பழகுக. தனிச்சொல்லை மனனஞ் செய்தவன் தடுமாறுவான். வாக்கியத்தோடு கற்றவன் தடுமாறான். கடிதங்களின் பிரதிகளைத் திகதி வரிசையிலே வைத்திருங்கள். ஐயமெழுந்தால் தொழிற் திணைக்களத்தின் அண்மைக் காரியாலயத்திலே காலந்தாழ்த்தாது விசாரியுங்கள்.

என் மாணவரையும் அங்கே அனுப்பினேன். ஆயின் தம் கையாலே எழுதிய கடிதத்துக்கு எதிராகத் தாமே வழக்குரைக்க வேண்டிய நிலை அவருக்கு. "போனது போகட்டும் சேர், அம்மா சுகமாக இருக்கிறா, அது போதும்" என்று கூறிப் புதிய வேலையிற் சேர்ந்துவிட்டார். சேருமுன் அந்த நியமனக் கடிதத்தை என் விறாந்தையிலே அமர்ந்து இருவருமாக வரிவரியாக வாசித்தோம். விளங்காத ஐந்து இடங்களைக் கோடிட்டுச் சென்று கேட்டு, மறுநாளே கையொப்பமிட்டார்.

இப்பொழுது என் வகுப்பிலே காய்ச்சற் கடிதம் முடிந்தபின், அந்த இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் அருகருகே எழுதுகிறேன். ரேக் என்ற சொல்லின் கீழே ஒரு கோடு இழுக்கிறேன். அக்கோட்டின் விலை மூன்று மாதச் சம்பளம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, அதன்பின்பே பாடத்தைத் தொடங்குகிறேன்.