சயாம் நாட்டுத் திருமணமும் தாரை வார்த்த நீரும்

மணம் என்பது இருவர் கூடுவது மட்டும் அன்று. இரு குடும்பங்கள் கூடுவதுமாகும். அக்குடும்பங்கள் ஒரே ஊரினவாக இருந்தால் வழக்கங்களும் ஒன்றாக இருக்கும். எவருக்கும் ஐயம் எழாது. வேறு வேறு நாட்டினவாக இருந்தாலோ, “இதைச் செய்யாமல் மணம் எப்படி நிறைவேறும்?” என்ற கேள்வி முதலில் எழும். அக்கேள்வி எங்கள் வீட்டில் எழுந்தது. அதற்கு விடை தேடியதில் நான் அறிந்தவற்றை மன்றத்து நண்பர்களுக்குக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் பெரியப்பாவின் மகன் பாங்காக் நகரில் பணிபுரிகிறார். தம்முடன் பணிபுரியும் தாய்லாந்துப் பெண் ஒருவரை அவர் மணக்க விரும்பினார். பெண் வீட்டார் தங்கள் நாட்டு முறைப்படி மணவினை நடக்க வேண்டும் என்றனர். பெரியப்பா இசைந்தார். ஆச்சி இசையவில்லை. “தாலி கட்டாம அது என்னலே கல்யாணம்? நான் வரமாட்டேன்” என்று என்னிடம் கூறிவிட்டார். எண்பதைக் கடந்த ஆச்சி வாராத மணத்துக்குச் செல்ல எங்களில் எவருக்கும் மனம் இல்லை. ஆகவே சயாமியர் மணமுறையைப் படித்து ஆச்சிக்கு எடுத்துரைக்கும் பொறுப்பு, வேதியியல் பயிலும் என் தலையில் விழுந்தது!

பழைய தொடர்பு

சயாம் என வழங்கிய நாடு 1939இல் தாய்லாந்து எனப் பெயர் பெற்றது. பாங்காக்கும் சென்னையும் ஏறத்தாழ ஒரே அகலாங்கில் அமைந்தவை. சென்னையிலிருந்து நேர் கிழக்கே ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர் சென்றால் பாங்காக்கை அடையலாம். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முந்தி ஓடும். அந்நாட்டின் தென்பகுதியோ நம் திருவனந்தபுரத்துக்கு நேர் கிழக்கே கிடக்கிறது. அங்குள்ள தகுவாபா என்னும் ஊரில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அவனிநாரணம் என்ற குளத்தையும், அதனைக் காக்கும் பொறுப்பேற்ற மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவையும் அது குறிக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் அங்கே குளம் வெட்டி, நிலைத்து வாழ்ந்தனர் என்பது இதனால் விளங்கும்.

பாங்காக் அரண்மனைப் பார்ப்பனர் மார்கழி தை மாதங்களையொட்டி நடத்தும் விழாவுக்குத் ‘திரியம்பவாய் திரிபவாய்’ என்று பெயர். இது திருவெம்பாவை, திருப்பாவை என்னும் பெயர்களின் திரிபே என்பர் அறிஞர். அவ்விழாவையொட்டி நடந்த பெரிய ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றது. செந்நிற ஊஞ்சல் தூண்கள் இன்றும் நகர் நடுவே நிற்கின்றன. நகரின் சீலோம் வீதியில் தமிழ்க் குடியேறிகள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. அங்கு வணங்க வருவோரில் தாய்லாந்து மக்களே மிகுதி.

தொடர்பு முழுவதும் இனிமையானதன்று. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதையில், மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். ஆச்சி சிறுமியாக இருந்த நாளில் சயாம் என்ற சொல் அச்சத்தோடுதான் காதில் விழுந்ததாம். அந்த அச்சமும் அவர் மறுப்பில் சிறிது கலந்திருந்தது.

பாக்குக் கிண்ண ஊர்வலம்

இனி மணமுறையைக் காண்போம். விடியற்காலையில் பெண் வீட்டுக்குப் புத்த பிக்குகள் அழைக்கப்பெறுகின்றனர். ஒன்பது என்பது அங்கு மங்கல எண். அவர்கள் பாலி மொழியில் ஓதுகின்றனர். மணமக்கள் அவர்களுக்கு உணவளித்து அறம் செய்கின்றனர். ஆயினும் மணமக்களை இணைத்து வைப்பவர் பிக்குகள் அல்லர். அவ்வினை குடும்பத்துப் பெரியோர்க்கே உரியது. துறவிகளுக்கு வாழ்த்தும் பணி மட்டுமே உண்டு.

பிறகு மாப்பிள்ளை ஊர்வலம் வருகிறது. இதனைக் ‘கன் மாக்’ என்பர். ‘கன்’ என்பது கிண்ணம். ‘மாக்’ என்பது பாக்கு. பாக்கும் வெற்றிலையும் நிறைந்த கிண்ணங்கள், பலகாரத் தட்டுகள், வாழைக் கன்று, கரும்பு ஆகியவற்றை ஏந்தி, நீண்ட முழவுகளை முழக்கி ஆடிக்கொண்டு வருகின்றனர். வெற்றிலை மெல்லும் பழக்கம் அங்கே நகரங்களில் அருகிப் போயிற்று. ஆனால் மணத்திற்கு மட்டும் அது தவறாமல் வந்துவிடுகிறது. நம் நிச்சயதாம்பூலத்தை நினைத்துக் கொள்க!

பெண் வீட்டு வாயிலில் ஊர்வலம் தடுக்கப்படும். பெண்ணின் உறவினர் இருவர் இருவராக நின்று, பொற்சங்கிலியோ வெள்ளிச் சங்கிலியோ குறுக்கே பிடித்துக்கொண்டு, “வாயிற்கூலி கொடு” என்கின்றனர். சிறு உறையில் பணம் வைத்துக் கொடுத்த பின்பே வழி கிடைக்கும். என் அண்ணன் மூன்று வாயில்களைக் கடந்தார். ஒவ்வொன்றிலும் சிரிப்பும் பேரமும்தான்! ஆரத்தித் தட்டில் காசு போடாமல் நம் பெண்கள் மாப்பிள்ளையை உள்ளே விடுவதுண்டா?

பொன்னும் பரிசமும்

அடுத்தது ‘சின் சொட்’ என்னும் பரிசம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் பெற்றோர்க்குப் பணமும் பொன்னும் அளிக்கின்றனர். ‘தாய்ப்பாலின் விலை’ என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. அனைவர் முன்னும் துணி விரித்து, பணத்தைப் பரப்பி, அதன்மேல் அரிசி, எள், பூ முதலியவற்றைத் தூவுகின்றனர். பெண்ணின் தாய் அதனை மூட்டையாகக் கட்டித் தோளில் ஏற்றி, சுமக்க மாட்டாதவர் போல் நடிக்க வேண்டும். விதைத்தது பெருகிக் கனத்துவிட்டது என்பது அதன் பொருள். பல பெற்றோர் இப்பொருளைப் பின்னர் மணமக்களுக்கே திருப்பித் தருகின்றனர்.

பொன்னை அங்கே ‘பாட்’ என்னும் நிறையால் அளக்கின்றனர். ஒரு பாட் நகைப்பொன் 15.16 கிராம், நம் கணக்கில் இரண்டு பவுனுக்குச் சற்றுக் குறைவு. அதன் தூய்மை நூற்றுக்கு 96.5 பங்கு. நம் ஊர் 22 காரட் நகையில் அது 91.6 பங்கே. தென் தாய்லாந்தில் குளோங் தோம் என்னும் இடத்தில், பழந்தமிழ் எழுத்தில் ஒரு பொற்கொல்லனின் பெயர் பொறித்த உரைகல் கிடைத்துள்ளது. அது கி.பி. மூன்று அல்லது நான்காம் நூற்றாண்டினது என்பர். அந்நாட்டில் பொன்னின் மாற்றைத் தமிழன் உரைத்துப் பார்த்து ஏறத்தாழ ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாயின என்பதை எண்ணும்போது, வேதியியல் மாணவனாகிய எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

நண்பர்களே, இங்கே ஒன்றை நாம் கருத வேண்டும். நம் நாட்டில் 1961லேயே வரதட்சணைத் தடைச் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் பெண்ணைப் பெற்றவர் கடன்படும் நிலை நீங்கவில்லை. தமிழரிடம் பரிசம் போடும் வழக்கம் பழையது. பெண் வீட்டாரைக் கசக்கிப் பிழிவது பின்னால் வந்து ஏறிக்கொண்டது. விலை பேசுவது எப்பக்கம் நிகழ்ந்தாலும் நன்றன்று. எனினும், பெண்ணை வளர்த்தவர்க்கு நாம் கடன்பட்டோம் என்று எண்ணும் வழக்கத்தில் நாணப்பட ஒன்றுமில்லை.

கயிறும் நீரும்

மணவினையின் உயிர்நிலை நீர் வார்த்தலாகும். இதனை ‘ரோட் நாம் சங்’ என்பர். ‘ரோட்’ வார்த்தல், ‘நாம்’ நீர், ‘சங்’ நம் சங்கேதான். மணமக்கள் ஒரு தாழ்ந்த பலகையின் முன் அருகருகே மண்டியிட்டுக் கைகூப்புகின்றனர். இரண்டு வளையங்களாக முடிந்த ஒரே வெண்ணூலை இருவர் தலையிலும் சூட்டுகின்றனர். இந்நூலுக்கு ‘மொங்கோன்’ என்று பெயர். மங்கலம் என்ற சொல்லின் திரிபு அது. நெற்றியில் மூன்று வெண்பொட்டுகள் இடுகின்றனர். பின்னர் பெரியோர் ஒவ்வொருவராக வந்து, வலம்புரிச் சங்கினால் நறுநீரை மணமக்களின் கைகளில் வார்த்து, மெல்லிய குரலில் வாழ்த்துகின்றனர். கையிலிருந்து வழியும் நீரைக் கீழே பூக்கிண்ணங்கள் ஏற்கின்றன. மணமக்களைவிட மூத்தோரே நீர் வார்க்க வேண்டும் என்பது மரபு. ஆதலால் இளையவனாகிய நான் ஒதுங்கி நின்று பார்த்தேன்.

இதனைப் படித்தபோதுதான் ஆச்சிக்குரிய விடை எனக்குக் கிடைத்தது. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு தமிழ் மணத்தைக் காட்டுகிறார். பந்தரில் புதுமணல் பரப்பியிருக்கிறது; உழுந்துக் களி படைக்கின்றனர்; மக்களைப் பெற்ற மங்கல மகளிர் நால்வர் கூடிப் பூவும் நெல்லும் கலந்த நீரை மணமகள்மேல் சொரிந்து வாழ்த்துகின்றனர். அங்கே தீ வளர்த்ததாகவோ தாலி கட்டியதாகவோ ஒரு சொல்லும் இல்லை. நீரே மணம் முடித்தது. இன்றும் பெண்ணைக் கொடுப்பதை நாம் ‘தாரை வார்த்தல்’ என்றுதானே சொல்கிறோம்!

கரமனையிலேயே இன்னொரு சான்றும் உண்டு. எங்கள் முன்னோர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இவ்வூரில் தங்கியவர்கள். 1956இல் மாநில எல்லை பிரிந்தபோது குமரி மாவட்டம் தமிழகம் சென்றது. திருவனந்தபுரம் கேரளத்தில் நின்றது. நாங்களும் இங்கேயே நின்றோம். அண்டை வீட்டு நாயர் குடும்பங்களின் மணங்களுக்கு ஆச்சி அறுபது ஆண்டுகளாகச் சென்று வருகிறார். அவர்கள் மரபில் புடவை கொடுப்பதே தலையான வினை. அவற்றை மணமல்ல என்று ஆச்சி ஒரு நாளும் சொன்னதில்லை. தமிழகத்திலும், மாலை மாற்றுவதோ மோதிரம் அணிவிப்பதோ தாலி கட்டுவதோ எதுவாயினும் மணம் செல்லும் என்று 1967ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ஏற்றுக்கொண்டது. இவற்றையெல்லாம் நான் எடுத்துக் கூறினேன். ஆச்சி நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு, “சங்கு நம்ம சங்குதானா?” என்று கேட்டார். மறுநாள் கடவுச்சீட்டுக்குப் படம் எடுக்க வந்தார்.

பதிவும் சட்டமும்

சடங்கு உறவினரை நிறைவு செய்யும். சட்டத்தை நிறைவு செய்யாது. தாய்லாந்துக் குடிமை வணிகச் சட்டத் தொகுப்பின் 1457ஆம் பிரிவின்படி, பதிவு செய்தாலன்றி மணம் சட்டப்படி மணமாகாது. அயல்நாட்டார் தாம் மணம் செய்யத் தடையற்றவர் என்பதற்குத் தம் நாட்டுத் தூதரகத்தின் சான்று பெற வேண்டும். அதனைத் தாய் மொழியில் பெயர்த்து, அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்புப் பெற்று, மாவட்ட அலுவலகத்தில் பதிய வேண்டும். அங்கே புத்த ஆண்டு வழங்குகிறது. நம் ஆண்டோடு 543ஐக் கூட்டிக் கொள்க. 2025 அங்கே 2568 ஆகும். சான்றிதழில் இதனைக் காணும் நம்மவர் திகைக்க வேண்டாம்.

விருந்தினர்க்குச் சில சொற்கள்

இத்தகைய மணத்துக்குச் செல்வோர் கறுப்பு உடையைத் தவிர்த்தல் வேண்டும். அது அங்கே துக்கத்தின் நிறம். செருப்பை வெளியே கழற்றுதல் நம் வழக்கமே. பிறர் தலையைத் தொடுதலும், காலை நீட்டிப் பிறரையோ புத்தர் சிலையையோ சுட்டுதலும் ஆகா. பெண்கள் பிக்குகளைத் தொடுதல் கூடாது. எதையும் அவர்கள் கையில் நேரே கொடுத்தலும் கூடாது. கைகூப்பி வணங்குவதை மட்டும் எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

இரவில், நெடுங்காலம் இணைபிரியாது வாழ்ந்த முதிய தம்பதியர் மணமக்களின் படுக்கையை விரித்துக் கொடுக்கின்றனர். அங்கே ஒரு கல்லும் ஒரு தடியங்காயும் வைக்கின்றனர். மனம் கல்போல் உறுதியாக இருக்க வேண்டும், தடியங்காய்போல் குளிர்ந்திருக்க வேண்டும் என்பது கருத்து. அம்மி மிதிக்கும் நமக்கு இக்கல் புதியதன்று.

அன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில் முதலில் நீர் வார்த்தவர் ஆச்சிதான். ஊர் திரும்பியபின் தெருப் பெண்கள், “தாலி எப்பக் கட்டினான்?” என்று கேட்டனர். “தாரை வார்த்தாச்சு, அவ எங்க வீட்டுப் பிள்ளை” என்றார் ஆச்சி. பெண்ணும் இப்போது தொலைபேசியில் ‘ஆச்சி’ என்றே அழைக்கிறார். நானும் ‘மதினி’ என்கிறேன். அச்சொல்லின் பொருளைக் கேட்டு அறிந்துகொண்டார்.

நம்முள் பலர் படிப்புக்கும் பணிக்கும் நாடுவிட்டு நாடு செல்வோம். அங்கே உறவும் ஏற்படும். அப்போது நம் வழக்கம் அங்கு இல்லையே என்று வருந்துமுன், அவர்கள் வழக்கத்தின் பொருள் யாது என்று கேட்போமாக. கேட்டால், நாம் மறந்துபோன நம் பொருள் ஒன்று அங்கே கிடைத்தாலும் கிடைக்கும்.