வொரண்டி என்றால் என்ன? பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பத்து வருடம்

எங்கள் உம்மாவின் பிரிட்ஜ் கதவில் வட்டமான ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. நடுவில் பெரிதாக 10 என்ற இலக்கம். அதைச் சுற்றி ஆங்கிலத்தில் 'வருட வொரண்டி' என்று இருந்தது. இன்னொரு சொல்லும் கீழே பொடி எழுத்தில் இருந்தது. அதை அன்று வாங்கப் போன நாங்கள் யாரும் வாசிக்கவில்லை. "பத்து வருசத்துக்கு நீங்க ஒண்டுக்கும் யோசிக்கத் தேவல்ல உம்மா" என்று கடையில் நின்ற தம்பி சொன்னார். உம்மாவும் யோசிக்கவில்லை. சீட்டுக் காசில் வாங்கிய சாமான் என்பதால் அந்த ஸ்டிக்கரைக் கழற்றவும் விடவில்லை.

மூன்றாம் வருடம் நோன்புக்கு இரண்டு கிழமைக்கு முன் பிரிட்ஜ் குளிராமல் போனது. கடைக்குப் போன் பண்ணினேன். பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். உம்மா பத்திரமாக வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைத் திறந்தால் உள்ளே வெள்ளைத் தாள்தான் இருந்தது. ஓர் எழுத்துக்கூட இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கடைகளில் சின்ன மெஷினில் இருந்து கிழித்துத் தரும் பில் மையால் அச்சாவதில்லை. தாளில் பூசியிருக்கும் இரசாயனம் சூடு பட்டுக் கறுக்கிறது, அதைத்தான் நாம் எழுத்தாக வாசிக்கிறோம். வெயிலிலும் வெக்கையிலும் அது மங்கும். சில பிளாஸ்டிக் உறைகளுக்குள் இன்னும் வேகமாக மங்கும். பத்திரப்படுத்துகிறேன் என்று அதை லெமினேட் பண்ணினால் சூட்டில் முழுத் தாளும் கறுத்துவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வைப்பதுதான் வழி. போட்டோ கொப்பி எடுத்தாலும் சரி.

கடைக்காரர் நல்ல மனிதர். கணினியில் தேடிப் பில்லைக் கண்டுபிடித்துத் தந்தார். ஆனால் திருத்துபவர் வந்து பார்த்துவிட்டுச் சொன்ன கதை வேறு. காஸ் கசிந்திருக்கிறது, உள்ளே இருக்கும் போர்டும் எரிந்திருக்கிறது, கொம்ப்ரசர் நன்றாக இருக்கிறது. அந்தப் பத்து வருடம் கொம்ப்ரசருக்கு மட்டும்தானாம். மற்ற எல்லாவற்றுக்கும் இரண்டு வருடம், அது முடிந்து எட்டு மாதம். பொடி எழுத்தில் இருந்த அந்தச் சொல் 'கொம்ப்ரசர்'. ஒருபோதும் பழுதாகாத உறுப்புக்குப் பத்து வருடமும், பழுதாகக்கூடிய மற்றதற்கெல்லாம் இரண்டு வருடமும் என்றுதான் உம்மா அதை விளங்கிக்கொண்டார். முழுக்க நியாயமான விளக்கம் இல்லை; கொம்ப்ரசரும் பழுதாகும், பழுதானால் செலவும் பெரிது. ஆனால் அந்த ஸ்டிக்கர் எதற்காக அவ்வளவு பெரிதாக இருந்தது என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் இந்தச் சொல்லைத் தேடிப் படித்தேன். வொரண்டியும் கரண்டியும் பிறப்பால் ஒன்று. பழைய பிரெஞ்சு மொழியின் ஒரு வட்டாரத்தில் 'வ' என்று தொடங்கிய சொல் இன்னொரு வட்டாரத்தில் 'க' என்று தொடங்கியது. ஆங்கிலம் இரண்டையும் எடுத்துக்கொண்டது. நீதிமன்றம் பிறப்பிக்கும் வொரண்டும் அதே குடும்பம்தான். எங்கள் மாமி ஒருவர் கடைக்குப் போய் "வொரண்ட் இருக்கா?" என்று கேட்கும்போது நாங்கள் சிரிப்போம். வேர்ச்சொல்லைப் பார்த்தால் அவர் பெரிதாகப் பிழைவிடவில்லை.

தமிழில் இரண்டுக்கும் உத்தரவாதம் என்றே எழுதுகிறோம். கடைப் பேச்சில் மட்டும் ஒரு வித்தியாசம் உண்டு. கரண்டி என்றால் பழுதானால் புதுச் சாமான் தருவார்கள், வொரண்டி என்றால் திருத்தித் தருவார்கள் என்பது நம் ஊர்களின் விளக்கம். இது சட்டத்தில் இருக்கும் வரைவிலக்கணம் இல்லை. என்ன தருவார்கள் என்பது அந்த அட்டையில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. பொருத்துக்கூலி சேருமா, வீட்டுக்கு வருவார்களா, இடி மின்னலிலும் மின்சாரம் கூடிக் குறைந்ததிலும் எரிந்தால் என்ன, எறும்பும் பல்லியும் உள்ளே புகுந்தால் என்ன என்பதெல்லாம் பெரும்பாலும் அட்டையின் பின்பக்கத்தில்தான் இருக்கும். நம் நாட்டில் பல்லி சாதாரண விஷயம் இல்லை, போர்டுகள் எரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

போன் வாங்குவோருக்கு இன்னும் இரண்டு சொற்கள். 'கம்பனி வொரண்டி' என்றால் அந்த நிறுவனத்தின் பிரதிநிதி பொறுப்பு. 'ஷொப் வொரண்டி' என்றால் விற்ற கடை மட்டுமே பொறுப்பு. கடை மூடினால் அதுவும் முடிந்தது. பாவித்த சாமான்களுக்குச் சொல்லும் 'செக்கிங் வொரண்டி' சில நாட்களுக்குத்தான். கொண்டுபோய்ப் பாவித்துப் பார், பிழை என்றால் அதற்குள் வா என்பது அதன் அர்த்தம்.

சட்டத்தில் வொரண்டிக்கு வேறு ஒரு பழைய பொருளும் உண்டு. ஆங்கிலேயரின் 1893 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்ட 1896 இன் 11 ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நம் நாட்டில் இருக்கிறது. அது விற்பனையின் வாக்குறுதிகளை நிபந்தனை, வொரண்டி என்று இரண்டாகப் பிரிக்கிறது. நிபந்தனை மீறப்பட்டால் பொருளையே திருப்பிக் கொடுக்கலாம். வொரண்டி மீறப்பட்டால் நட்டஈடு கேட்கலாம், பொருளைத் தள்ள முடியாது. அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது: வாங்கும்போது நீங்கள் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அப்படிப் பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு வந்து அந்தச் சட்டத்தைக் காட்ட முடியாது. எனவே பெட்டியைத் திறந்து பார்ப்பதென்றால் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். வெட்கப்பட்டு அரைகுறையாகப் பார்ப்பது வேலைக்கு ஆகாது.

நமக்குக் கிட்டிய வழி 2003 இன் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. கொடுத்த உத்தரவாதத்துக்கு ஏற்ப பொருள் இல்லை என்றால் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். விசாரித்து நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விபரம் கேட்கலாம். ஆனால் முறைப்பாட்டை விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒரு வருட வொரண்டி உள்ள சாமான் எட்டாம் மாதம் பழுதாகி, கடைக்காரர் கையை விரித்தால் இந்த வழி கைகொடுப்பது கஷ்டம். வொரண்டிக் காலம் முழுக்க முறைப்பாட்டுக் காலமாக இருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நம் பகுதிப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் பேசக்கூடிய விஷயங்களில் இதுவும் ஒன்று.

எங்கள் விஷயத்தில் யாரும் சட்டத்தை மீறவில்லை. உம்மா 28,000 ரூபா கொடுத்துத் திருத்தினார். திருத்தியவர் தன் வேலைக்கு மூன்று மாதம் பொறுப்பு என்று, என்ன மாற்றினார், எத்தனையாம் திகதி என்பதோடு, கொப்பித் தாளில் பேனையால் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். மஞ்சள் ஸ்டிக்கரை உம்மா அன்றிரவே தேங்காய் எண்ணெய் பூசிக் கழற்றினார். அந்தக் கொப்பித் தாள் இன்னும் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிறது, எழுத்து மங்கவில்லை.