ஆகாயத்தில் வேலை பார்த்த பெண்

விமானப் பணிப்பெண்ணுக்கு என்ன குறை? நல்ல உடை, நல்ல சம்பளம், நாடு நாடாகப் பயணம்! திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் மேஜை முன்னால் ஒன்றரை ஷிப்ட் நிற்கும் பெண் இப்படி நினைத்தால் அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வேலையின் உள்ளே போய்ப் பார்த்தால் கதை வேறு. அதைக் காட்டும் படம்தான் "நீர்ஜா".

2016 பிப்ரவரியில் வெளியான இந்திப் படம் இது. ராம் மாத்வானி டைரக்ட் செய்தார். சோனம் கபூர் கதாநாயகி. தாயாக ஷபானா ஆஸ்மி. நடந்த கதை இது!

வேலைக்கு வந்த வேட்டு

படத்துக்கு முன்னால் ஒரு பழைய சங்கதி. ஏர்-இந்தியாவில் ஒரு காலத்தில் விசித்திரமான விதி இருந்தது. வேலைக்குச் சேர்ந்த 4 ஆண்டுக்குள் பணிப்பெண் கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும். முதல் தடவை கர்ப்பம் ஆனாலும் போய்விடும். இரண்டும் இல்லையா? 35 வயதில் வீட்டுக்குப் போகவேண்டும். மேலிடம் மனம் வைத்தால்தான் மேற்கொண்டு வேலை. அதே விமானத்தில் பணிபுரிந்த ஆண்களோ 58 வயது வரை இருக்கலாம்!

நர்கேஷ் மீர்ஜா என்ற பணிப்பெண்ணும் மற்றவர்களும் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார்கள். கர்ப்பம் ஆனால் வேலை இல்லை என்ற விதி செல்லாது என்று 1981-ல் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. கல்யாணத்துக்கு 4 ஆண்டு பொறுப்பது மட்டும் நியாயமே என்று சொல்லிவிட்டது. ஆண்களுக்கு அந்தப் பொறுமை தேவைப்படவில்லை போலும்!

இரண்டு மாத வாழ்க்கை

நீர்ஜா பனோட் 1963-ல் சண்டிகரில் பிறந்தவர். வளர்ந்தது பம்பாயில். தந்தை பத்திரிகைக்காரர். 1985-ல் பெற்றோர் பார்த்த மாப்பிள்ளையைக் கல்யாணம் செய்துகொண்டு வளைகுடா நாட்டுக்குப் போனார். அங்கே வரதட்சணைக் கொடுமை. இரண்டே மாதத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பினார்.

"வாழாவெட்டி" என்று மூலையில் உட்காரவில்லை. விளம்பரங்களுக்கு மாடலாக நடித்தார். பான் ஆம் என்ற அமெரிக்க விமானக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, பணிப்பெண்களுக்குத் தலைமை தாங்கும் இடத்துக்கு உயர்ந்தார்.

வரதட்சணை என்றதும் நம் பக்கத்து நூல் மில்கள் நினைவுக்கு வருகின்றன. "சுமங்கலித் திட்டம்" என்று ஒன்று இருந்ததே! பெண் 3 ஆண்டு மில் விடுதியில் தங்கி வேலை செய்யவேண்டும். முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம். நடுவில் உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்பினால் அந்தப் பணம் கிடைக்கவில்லை என்று எத்தனையோ பெண்கள் புகார் சொன்னார்கள். பெண் பாடுபட்ட பணம், பெண்ணைக் கட்டிக்கொடுக்கவே போகிறது. இது என்ன கணக்கோ!

கராச்சியில் 17 மணி நேரம்

1986 செப்டம்பர் 5. பம்பாயிலிருந்து புறப்பட்ட பான் ஆம் விமானம் விடிகாலையில் கராச்சியில் நின்றது. பாதுகாப்புக் காவலர் போல உடை அணிந்த 4 பேர் துப்பாக்கியுடன் உள்ளே பாய்ந்தார்கள்!

நீர்ஜா உடனே விமானிகளுக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் மேல் வழியாகத் தப்பி இறங்கினார்கள். விமானி இல்லாத விமானம் எப்படிப் பறக்கும்? கடத்தல்காரர்கள் திட்டம் தவிடுபொடி. ஆனால் 350-க்கும் மேற்பட்ட பயணிகள் உள்ளேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பொறுப்பு 22 வயதுப் பெண்!

அமெரிக்கர்களைப் பொறுக்கி எடுக்க, எல்லாருடைய பாஸ்போர்ட்டுகளையும் சேகரிக்கும்படி கட்டளை வந்தது. நீர்ஜாவும் தோழிகளும் அமெரிக்கப் பாஸ்போர்ட்டுகளை இருக்கைக்கு அடியிலும் குப்பை போடும் இடத்திலும் மறைத்துவிட்டார்கள். துப்பாக்கி முனையில், முகம் மாறாமல்!

பொழுது சாய்ந்தது. விமானத்தில் மின்சாரம் தீர்ந்து விளக்குகள் மங்கின. கடத்தல்காரர்கள் சரமாரியாகச் சுட்டார்கள், குண்டும் வீசினார்கள். நீர்ஜா அவசரக் கதவைத் திறந்து பயணிகளை வெளியே அனுப்பினார். முதல் ஆளாகக் குதித்திருக்கலாம். குதிக்கவில்லை. குழந்தைகளைக் காக்க நின்றவர் மீது குண்டு பாய்ந்தது. இரண்டு நாள் போயிருந்தால் அவருக்கு 23-வது பிறந்த நாள்.

அசோக சக்கர விருதை அரசு அளித்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். 2004-ல் தபால் தலையும் வெளிவந்தது.

தாயின் நடிப்பு

படம் வீர வசனத்தை நம்பவில்லை. கடத்தலுக்கு இடையிடையே கணவன் வீட்டு நாட்கள் நினைவாக வருகின்றன. துப்பாக்கிக்குப் பயப்படாத பெண் எங்கே உரம் பெற்றாள் என்பது புரிகிறது. ஷபானா ஆஸ்மி வரும் காட்சிகளில் கண்ணீரை அடக்குவது கஷ்டம். உண்மைத் தாயான ரமா பனோட், படம் வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்பே காலமாகிவிட்டார். சிறந்த இந்திப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது.

மகளின் பெயரில் வந்த பணத்தைப் பெற்றோர் தொடவில்லை. அறக்கட்டளை வைத்தார்கள். வரதட்சணை போன்ற கொடுமையை எதிர்த்து நின்று, பிற பெண்களுக்கும் உதவும் ஒரு பெண்ணுக்கு அதன் மூலம் ரூ.1½ லட்சம் பரிசு.

இரண்டு மணி நேரப் படம். கடைசிப் பகுதியில் துப்பாக்கிச் சத்தம் அதிகம். சின்னக் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டுப் பாருங்கள்.