எதிரணியின் வளவுக்கு ஒரு இராப்பயணம்

பரி. யோவான் கல்லூரியில் படித்தவர்களுக்கு ஒரு தீராத மனக்குறை உண்டு. யாழ். மத்திய கல்லூரியோடு நாங்கள் ஆடும் துடுப்பாட்டப் போட்டி, 1904இல் தொடங்கிய 'வடக்கின் பெரும் போர்', வழக்கமாக நடப்பது அவர்களுடைய மைதானத்தில். நாணயச் சுழற்சியில் யார் வென்றாலும் விருந்தாளிகள் நாங்கள்தான். சுண்டுக்குளியில் இருக்கிற பெடியனுக்கு அந்த மைதானம் சைக்கிளில் கொஞ்ச நேரம். நுகேகொடையில் குடியிருக்கும் பழைய மாணவனுக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர்.

எங்கள் தொடர்மாடியில் கீழ்வீட்டு அண்ணை மத்திய கல்லூரிக்காரர். மார்ச் பிறந்தால் படியில் மறித்து, "என்ன தம்பி, இந்த முறையும் எங்கட வளவுக்குத்தானே வாறியள்?" என்பார். மறுமொழி சொல்ல வழியில்லாத கேள்வி. பிறகு இருவரும் ஒரே ஓட்டோவில் பாமன்கடைப் பக்கமாக வெள்ளவத்தைக்குப் போய், காலி வீதியில் ஒரே பஸ்ஸுக்காகக் காத்து நிற்போம்.

போட்டி வாரத்து இரவு பஸ் தனி ரகம். தலைநரைத்த வங்கி முகாமையாளர்கள் பள்ளிக்கூடப் பட்டப்பெயர்களால் கூப்பிடப்படுவார்கள். என்றோ கொடுபடாமல் போன ஒரு எல்.பி.டபிள்யூ.வுக்கான வழக்கு புத்தளம் வரை நடக்கும். அனுராதபுரம் தாண்டினால் குறட்டை மட்டும்தான். முறிகண்டியில் பஸ் நிற்கும். கண்ணைக் கசக்கிக்கொண்டு எல்லோரும் இறங்குவார்கள். மத்திய கல்லூரி 1816இல் மெதடிஸ்த மிஷன் தொடங்கியது. எங்களுடையது 1823இல் அங்கிலிக்கன் மிஷனரிமார் தொடங்கியது. ஆனாலும் இரண்டு தரப்பும் முறிகண்டிப் பிள்ளையாருக்குத்தான் தேங்காய் உடைக்கும். அவர் யார் பக்கம் என்பதைக் கச்சான் சரையோடு திரும்பவும் பஸ்ஸுக்குள் விவாதிக்கலாம்.

இந்தப் பாதை எப்போதும் இப்படி இருந்ததில்லை. யுத்தத்தால் 1990இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றது. 2002இல் ஏ9 வீதி திறந்தபோது ஓமந்தை, முகமாலை சோதனைச் சாவடிகளில் இறங்கி, பையை அவிழ்த்துக் காட்டித்தான் போகவேண்டியிருந்தது. 2006 ஓகஸ்டில் அதுவும் மூடப்பட்டது. யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்குள் நுழைந்தது 2014 ஒக்டோபர் 13இல். பாதை மூடிக்கிடந்த காலங்களில் கொழும்பிலிருந்த எங்களுக்குப் 'போர்' என்பது யாராவது தொலைபேசியில் சொல்லும் ஓட்ட எண்ணிக்கை மட்டுமே.

விளையாட்டே உயிரைக் கேட்ட காலமும் இருந்தது. எங்கள் அதிபர் சி. ஈ. ஆனந்தராஜன் மாணவர்களுக்கும் இராணுவத்தினருக்கும் இடையே ஒரு துடுப்பாட்டப் போட்டியை நடத்தினார். 1985 ஜூன் 26இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பஸ்ஸில் இந்தப் பேச்சு வந்தால் அன்றைய மாணவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்திக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன்.

மைதானத்துக்குள் போனால் எல்லாம் மறந்துவிடும். பக்கத்தில் பொது நூலகம், துரையப்பா விளையாட்டரங்கு. சற்றுத் தள்ளிக் கோட்டை. வெயில் உச்சியைப் பிளக்கும். பப்பரே வாத்தியம் ஒரு பைலாவில் தொடங்கி, ரஜினி பாட்டுக்குத் தாவி, கடைசியில் எதிர்ப்பக்கத்துக் கூட்டத்தைச் சீண்டும் மெட்டில் வந்து நிற்கும். ஒருவன் ஐம்பது அடித்தால் கொடியோடு பெடியள் உள்ளே பாய்வார்கள். மத்தியஸ்தர் இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். அந்தக் கூச்சலை அவர்களுடைய வளவுக்குள் நின்று போடுவதில்தான் சுகம். சொந்த மைதானத்தில் கத்துவதற்கு என்ன வீரம் வேண்டும்?

பகைமைக்கும் ஒரு எல்லை உண்டு. மத்திய கல்லூரியிலிருந்து வந்த சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 டிசம்பரில் லங்கா பிரீமியர் லீக்கில் தன் முதல் விக்கெட்டாக அஞ்சலோ மத்தியூஸை வீழ்த்தினார். 2024 மே மாதம் சன்ரைசர்ஸ் ஹைதராபாத்துக்காக ஐ.பி.எல். ஆடினார். இரண்டு தடவையும் நான் எழுந்து நின்று கைதட்டினேன். கீழ்வீட்டு அண்ணைக்கு அது தெரியவேண்டியதில்லை.

லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயரைத் தாங்கிய அணி 2024 வரை நான்கு முறை கிண்ணம் வென்றது. யாழ்ப்பாணத்தில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சர்வதேசத் தரத்தில் அங்கே மைதானம் இல்லை. 2025 செப்டெம்பர் 1இல் மண்டைதீவில் அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டிருக்கிறது. நல்ல காரியம், வேகமாக முடியட்டும். இலங்கை அணி அங்கே ஆடட்டும், இந்தியாவும் வரட்டும். ஆனால் 'பெரும் போரை'ப் பொது இடமான மண்டைதீவுக்கு மாற்றலாம் என்று எங்கள் பழைய மாணவர்களில் யாராவது யோசனை சொன்னால், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நூறு வருசத்துக்கு மேலாகக் காத்துவரும் மனக்குறையை அவ்வளவு இலேசாகத் தீர்த்துவிடக்கூடாது. அதைவிட உருப்படியான வேலை ஒன்று இருக்கிறது: மார்ச்சுக்கு முன்னமே வெள்ளவத்தையில் பஸ் ஆசனத்தைப் பதிந்துவிடுங்கள், கடைசி வாரத்தில் கிடைக்காது.