கடைசிப் பத்து கிலோமீட்டருக்கு யார் பணம் கட்டுவது?

சனிக்கிழமை மாலையில் பெங்களூர் சில்க் போர்டு சந்திப்பில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு கையில் பை, மறு கையில் குழந்தைகளுக்கு வாங்கிய பிஸ்கட் பொட்டலம். கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், திருவண்ணாமலை என்று பஸ்கள் வந்த வண்ணம் இருக்கும். நின்றுகொண்டாவது போய்விடலாம். கிருஷ்ணகிரி சுமார் 90 கிலோமீட்டர். இரண்டரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். தொல்லை அதற்குப் பிறகுதான்.

என்னுடன் வேலை பார்க்கும் குமாஸ்தா நண்பர் ஒருவரின் கிராமம் தர்மபுரி மாவட்டத்தில், மெயின் ரோட்டிலிருந்து பதினோரு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. இரவு ஒன்பதே காலுக்கு ஊருக்குள் போய் அங்கேயே தங்கி, விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்படும் பஸ் ஒன்று அவருக்கு இருந்தது. பால்காரர்களுக்கும், காய்கறி மூட்டை ஏற்றுகிறவர்களுக்கும் அதுதான் வண்டி. ஒரு நாள் அது வரவில்லை. டிரைவர் இல்லை என்றார்கள். அடுத்த வாரம் வண்டி ரிப்பேர் என்றார்கள். அப்புறம் கேட்பதையே ஊரார் விட்டுவிட்டார்கள். இப்போது ஊருக்குப் போவதென்றால் ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். பெங்களூரிலிருந்து வந்த பஸ் கட்டணத்தைவிட அது அதிகம். மாதம் இரண்டு முறை போய்க் கொண்டிருந்தவர் ஒரு முறையாகக் குறைத்துக் கொண்டார். வயதான தாயார் தனியே இருக்கிறார்.

இந்தக் கதை நம் ஊர்ப் பக்கத்துக்கு மட்டும் உரியதல்ல. மாலூர், பங்காருப்பேட்டை, ஆனேக்கல் பக்கம் மனை வாங்கி வீடு கட்டிக் கொண்ட தமிழ்க் குடும்பங்களைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். நகரத்துக்கு பஸ் உண்டு, கிராமத்துக்குள் போக இல்லை. ஏன் இப்படி?

சட்டம் சொல்வது

பஸ் ஓட்டுவது நினைத்தவர் நினைத்தபடி செய்யக் கூடிய தொழில் அல்ல. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பர்மிட் முறையைக் கொண்டுவந்தது. அதற்குப் பதிலாக வந்த 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் அதே வழியில்தான் போகிறது. எந்தத் தடம், ஒரு நாளைக்கு எத்தனை நடை, எந்த நேரம் என்பதெல்லாம் பர்மிட்டில் அடங்கும். வட்டாரப் போக்குவரத்து அதிகாரம் பர்மிட் தருகிறது. கட்டணத்தை மாநில அரசு நிர்ணயிக்கிறது. பொது நன்மைக்குத் தேவை என்றால் ஒரு வட்டாரத்தையோ தடத்தையோ அரசு பஸ்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடவும் சட்டத்தில் இடமுண்டு.

பழைய மைசூர் சமஸ்தானத்தில் 1948 செப்டம்பர் 12-ல் 120 பஸ்களோடு அரசு போக்குவரத்து இலாகா தொடங்கியது. 1961 ஆகஸ்டில் அது கார்ப்பரேஷன் ஆயிற்று. 1997-லிருந்து ஒன்று பலவாகப் பிரிந்தது. பெங்களூர் நகரத்துக்கென்று தனிக் கழகம் வந்தது அந்த ஆண்டில்தான். தென் கன்னடம், உடுப்பி பக்கத்தில் மட்டும் தனியார் பஸ்களின் கை ஓங்கியே இருந்து வருகிறது. தமிழ்நாட்டில் 1972-லிருந்து பல்லவன், பாண்டியன், சேரன் என்று பெயர் சூட்டிக் கழகங்கள் பிறந்தது பழைய வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

கர்நாடகக் கழகங்கள் 1950-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டத்தின் கீழ் அமைந்தவை. அந்தச் சட்டத்தின் 22-வது பிரிவு, கழகம் வியாபார முறைப்படி நடக்க வேண்டும் என்கிறது. ஆனால் சரக்கின் விலையைக் கடைக்காரர் தீர்மானிக்க முடியாது, அரசாங்கம் தீர்மானிக்கும். வியாபாரம் செய், விலையை மட்டும் என்னிடம் கேள் என்றால் எந்த மளிகைக் கடை பிழைக்கும்?

விலையை ஏற்றவும் அரசாங்கங்களுக்கு மனம் வருவதில்லை, தேர்தல் பயம். தமிழ்நாட்டில் 2011 நவம்பரில் ஏற்றிய கட்டணத்தை அடுத்து ஏற்றியது 2018 ஜனவரியில். ஆறு வருட பாக்கியை ஒரே இரவில் தலையில் கட்டியதால் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சில நாட்களில் கொஞ்சம் குறைக்க வேண்டி வந்தது. கர்நாடகத்தில் 2020 பிப்ரவரிக்குப் பிறகு 2025 ஜனவரி 5-ல்தான் 15 சதவீதம் ஏறியது. டீசல் விலை இப்படிக் காத்திருக்கவில்லை. 2013 ஜனவரியில் மொத்தமாக டீசல் வாங்குகிறவர்களுக்கு மத்திய அரசு விலையை அதிகமாக ஏற்றியபோது, அரசு பஸ்கள் டிப்போ பம்பை விட்டுவிட்டு லாரிகளுக்குப் பின்னால் சாலையோர பெட்ரோல் பங்குகளில் வரிசையில் நின்ற வேடிக்கையும் நடந்தது.

ஒரு சின்னக் கணக்கு

ஆக, நஷ்டத்தை எங்காவது குறைத்தாக வேண்டும். எங்கே குறைப்பது? டிப்போ மானேஜரின் மேஜையில் ஒரு தாள் இருக்கிறது. ஒவ்வொரு வண்டியும் கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் செய்தது என்ற கணக்கு அதில் இருக்கும். அந்தத் தாளில் கடைசியில் நிற்பது எப்போதும் கிராமத்து நடைதான்.

நாமே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு மட்டுமே. ஊருக்குள் 12 கிலோமீட்டர். போக வர இரண்டு முறை, ஆக 48 கிலோமீட்டர். டீசல், சம்பளம், டயர், தேய்மானம் எல்லாம் சேர்த்து கிலோமீட்டருக்கு 50 ரூபாய் என்று வைத்தால் செலவு 2,400 ரூபாய். நடைக்குப் பதினைந்து பேர், தலைக்குப் பதினைந்து ரூபாய் என்றால் நான்கு நடைக்கு வசூல் 900. ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் துண்டு விழுகிறது. மாதத்துக்கு 45,000. மானேஜர் கெட்டவர் அல்ல. அவருடைய டிப்போவை மேலிடம் இந்தத் தாளை வைத்துத்தான் எடை போடுகிறது. பெங்களூர் தடத்தில் கூட்டம் என்று சொல்லி அந்த வண்டியை அங்கே மாற்றிவிடுகிறார்.

ஆனால் அந்தத் தாளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கிராமத்திலிருந்து வந்த பதினைந்து பேரும் தாலுகா ஊரோடு நின்றுவிடுவதில்லை. அவர்களில் ஐந்து பேர் பெங்களூர் பஸ்ஸில் ஏறுகிறார்கள். அந்த டிக்கெட் பெங்களூர் வண்டியின் வசூலில் சேர்கிறது. பெங்களூர் வண்டி லாபம், கிராமத்து வண்டி நஷ்டம் என்று எழுதுகிறார்கள். வாய்க்காலை அடைத்துவிட்டு ஏரியில் தண்ணீர் குறைகிறதே என்று பிறகு கவலைப்படுகிறார்கள். கிராமத்து நடை நின்ற ஊரில் இளைஞர்கள் கடன் வாங்கி மோட்டார் சைக்கிள் வாங்கிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு பஸ்ஸைத் திரும்ப விட்டாலும் ஏற ஆளில்லை.

இலவசப் பயணம் வந்த பிறகு

தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11-ல் 'சக்தி' திட்டம் வந்தது. கர்நாடக விலாசம் உள்ள அடையாள அட்டையைக் காட்டும் பெண்களுக்கு கண்டக்டர் பூஜ்ய டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறார். மாநில எல்லை தாண்டும் பஸ்களில் இந்தச் சலுகை கிடையாது. அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் போகிற நம் பெண்கள் இதைத் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

வீட்டு வேலைக்கும் கார்மெண்ட் கம்பெனிக்கும் போகும் பெண்கள் கையில் மாதம் சில நூறு ரூபாய் மிஞ்சுகிறது. அதைக் குறை சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் இந்தப் பணம் கிராமத்து நடையைக் காப்பாற்றுமா? நம் பழைய கணக்குக்கே போவோம். பதினைந்து பேரில் பத்துப் பேர் பெண்கள். அவர்களுடைய 150 ரூபாயை அரசு பாக்கி வைக்காமல் கொடுத்துவிட்டது என்றே வைத்துக் கொள்வோம். வசூல் அப்போதும் அதே 900-தான். 1,500 ரூபாய்த் துண்டு அப்படியே நிற்கிறது. ஆள் கணக்கில் கொடுக்கும் பணம் கூட்டம் உள்ள தடத்துக்கே போய்ச் சேரும். ஆள் குறைந்த ஊருக்குக் கிலோமீட்டர் கணக்கில் கொடுத்தால்தான் பஸ் வரும். ஒரு சிறிய பயனும் உண்டு. இலவசம் என்பதால் நடைக்கு முப்பது பேர் ஏறினால் துண்டு குறையும். ஆனால் ஏறுவதற்கு அந்த நடை முதலில் உயிரோடு இருக்க வேண்டும்.

தனியார் விட்டால்?

தமிழ்நாட்டில் 1997-ல் மினி பஸ் திட்டம் வந்தது. மொத்தத் தடம் 20 கிலோமீட்டர். அதில் 16 கிலோமீட்டர் பஸ்ஸே இல்லாத பாதையாக இருக்க வேண்டும். ஏற்கெனவே பஸ் ஓடும் பாதையில் 4 கிலோமீட்டர்தான் வரலாம். எண்ணம் நல்லது. ஆனால் முதலாளிக்கு வருமானம் இருப்பது அந்த நாலு கிலோமீட்டரில்! பஸ் டவுன் பக்கமே சுற்றுகிறது, ஊருக்குள் கடைசி நடை வருவதில்லை என்ற புகார் பல ஊர்களில் கேட்டது. 2025-ல் வந்த புதிய திட்டத்தில் தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை போகலாம் என்று தளர்த்தினார்கள். விதி தளர்ந்ததே ஒழிய, ஆளில்லாத நடைக்கு யார் பணம் என்பதற்கு அதிலும் விடை இல்லை.

சிக்கமகளூர் மாவட்டம் கொப்பாவில் நடந்ததைத் தொழிலாளர் யாவரும் அறிய வேண்டும். 1991-ல் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து பஸ் விட்டார்கள். டிரைவரும் கண்டக்டரும் அங்கே பங்குதாரர்கள். மலைநாட்டுக் கிராமங்களுக்கு ஓட்டினார்கள், மாணவர்களுக்குச் சலுகை பாஸ் கொடுத்தார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டு நடத்திய பிறகு, டீசலும் வரியும் இன்சூரன்ஸும் தாங்காமல் 2020 தொடக்கத்தில் வண்டிகளை நிறுத்தினார்கள். அங்கே லாபத்தை எடுத்துப் போக முதலாளி யாரும் இல்லை. சலுகை கொடுத்ததற்கு ஈடு கொடுக்கவும் யாரும் இல்லை.

ஊராட்சி போட்ட டீசல்

கேரளத்தில் செய்து பார்த்த ஒரு முறை எனக்கு நியாயமாகப் படுகிறது. 2022 ஜூலை 29-ல் திருவனந்தபுரம் மாவட்டம் கொல்லயில் ஊராட்சியில் 'கிராம வண்டி' என்ற பெயரில் முதல் பஸ் கிளம்பியது. வண்டியும் சம்பளமும் பராமரிப்பும் இன்சூரன்ஸும் கேரள அரசு போக்குவரத்துக் கழகத்தின் பொறுப்பு. டீசல் செலவு ஊராட்சியின் பொறுப்பு. இரவில் வண்டி நிற்கவும் ஊழியர் தங்கவும் ஊராட்சியே இடம் பார்க்க வேண்டும். பணம் போடுவதால், வண்டி எந்தெந்தத் தெரு வழியாக எப்போது போக வேண்டும் என்று சொல்லும் உரிமை ஊராட்சிக்கு வந்தது. எல்லா ஊராட்சியும் முன்வரவில்லை. வீட்டு வரியே வசூலாகாத ஊராட்சி டீசலுக்கு எங்கே போகும் என்ற கேள்வியும் நியாயமானதே. அங்கே மாநில அரசுதான் போட வேண்டும். ஆனால் எந்தச் செலவு யாருடையது என்று காகிதத்தில் எழுதி வைத்தார்கள் அல்லவா? எழுதி வைத்த நடையை, டிரைவர் இல்லை என்று சொல்லி ஓசைப்படாமல் நிறுத்துவது கடினம்.

நண்பரின் ஊரில் இப்போது அந்த வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். நின்று போன நடையின் தட எண், நேரம், எந்தத் தேதியிலிருந்து வரவில்லை என்பதை எல்லாம் எழுதி, கிராம சபையில் தீர்மானம் போட்டு, டிப்போவுக்கும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் அனுப்பியிருக்கிறார்கள். பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் அந்தத் தடத்தின் பர்மிட் நகலும் நேரப் பட்டியலும் கேட்டிருக்கிறார்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும். நண்பர் நாட்காட்டியில் தேதியைச் சுழித்து வைத்திருக்கிறார்.