இரும்பும் பிளாஸ்டிக்கும் சேரும் இடத்தில்...

'வைத்தியருக்கும் பிளம்பர் வேலைக்கும் என்னங்க சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. தீராத இருமல், இரைப்பு, கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் என்று வருகிறவர்களிடம் நாடி பார்ப்பதோடு நான் நிறுத்துவதில்லை. "வீட்ல சுவர் ஈரமா இருக்கா? பாத்ரூம் பக்கத்துல நாத்தம் வருதா?" என்றும் கேட்பேன்.

முப்பது, நாற்பது வருஷத்துக்கு முன்னால் கட்டிய வீடுகளில் கழிவுநீர்க் குழாய் பெரும்பாலும் வார்ப்பிரும்பு அல்லது ஜி.ஐ. பைப்தான். இப்போது பாத்ரூமைப் புதுப்பிக்கும்போது டைல்ஸ் மாறுகிறது, சிலர் குளியல் தொட்டியும் வைக்கிறார்கள். தொட்டியிலிருந்து வருவது புது பி.வி.சி. பைப். அது போய்ச் சேருவதோ பழைய இரும்புக் குழாயில். வினை அங்கேதான்!

பி.வி.சி.யை ஒட்டுகிற 'சொல்யூஷன்' பிளாஸ்டிக்கின் மேல்பரப்பை இளக்கி, இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இரும்பு அதற்கு இளகாது, ஆகவே ஒட்டாது. உடனே என்ன செய்கிறார்கள்? பிளாஸ்டிக் பைப்பை இரும்பு வாய்க்குள் சொருகி, சுற்றிலும் சிமெண்டைப் பூசி, மேலே டைல்ஸ் போட்டு மூடிவிடுகிறார்கள். ஆரம்பத்தில் ஒழுகாது. ஆனால் வெந்நீர் பட்டால் பிளாஸ்டிக், இரும்பைவிட ஐந்து மடங்குக்குக் குறையாமல் நீளும், ஆறினால் சுருங்கும். தினமும் இப்படி இழுபட்டால் விறைப்பான சிமெண்ட் தாங்குமா? மயிரிழை போல விரிசல் விடும். குளியல் தொட்டி என்றால் இன்னும் மோசம். நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஒரே மூச்சில் இறங்கும். கசிவது கண்ணுக்குத் தெரியாது, சுவர் குடித்துக்கொண்டே இருக்கும்.

என்னிடம் ஓர் அம்மா, மாமியாரை அழைத்து வந்தார். "மருந்து சாப்பிட்டா நாலு நாள் நல்லா இருக்காங்க டாக்டர். அந்த ரூம்ல படுத்தா மறுபடி இழுக்குது" என்றார். ஆடாதோடை மணப்பாகு கேட்காத இரைப்பா என்று விசாரித்தால், மாடியில் புது பாத்ரூம்; கீழே பாட்டியின் கட்டில் ஒட்டிய சுவரில் கருப்பாய்ப் பூஞ்சணம். நாற்றத்துக்குத் தினமும் சாம்பிராணி வேறு! இழுப்பு நோயாளிக்குப் புகையும் பகைதான். கட்டிலை மாற்றச் சொன்னேன். மூட்டைப் பிரித்துச் சரிசெய்து, சுவர் காய்ந்த பிறகு மருந்தின் அளவைக் குறைக்க முடிந்தது.

சரி, எப்படித்தான் இணைப்பது? மரை இல்லாத குழாய் என்றால், துருவைச் சுரண்டி, வெட்டிய முனையை மழமழவென்று தேய்த்து, இரண்டு பைப்பின் வெளி அளவுக்கும் பொருந்துகிற ரப்பர் கப்ளிங்கைப் போட்டு, துருப்பிடிக்காத எஃகு கிளாம்ப்பால் இருபுறமும் இறுக்க வேண்டும். ரப்பர் வளைந்து கொடுக்கும். மரை உள்ள ஜி.ஐ. பைப் என்றால், இரும்பின் உள்மரைக்குள் பிளாஸ்டிக்கின் வெளிமரையை டெஃப்லான் டேப் சுற்றித் திருகலாம். தலைகீழாகச் செய்தால், இரும்பு ஆப்பு மாதிரி இறங்கிப் பிளாஸ்டிக் பிளந்துவிடும். அங்கே பித்தளை மரை வைத்த இணைப்பானைக் கேளுங்கள்.

டைல்ஸ் போடும் முன் தொட்டியை நிரப்பி ஒரேயடியாகத் திறந்து விடுங்கள். மூட்டைச் சுற்றி நியூஸ் பேப்பரைக் கட்டி வைத்தால் ஒரு சொட்டுக் கசிவும் தெரிந்துவிடும். பிளம்பர் "அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும் சார்" என்பார். அசையாதீர்கள்! வெந்நீர் விட்டும் ஒருமுறை பாருங்கள்.

தொட்டிக்குக் கீழே டிராப் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அந்த வளைவில் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை உள்ளே விடாமல் தடுக்கிற கதவு. அது வற்றினால் என்ன ஆகும் என்பதற்கு 2003இல் ஹாங்காங்கே சாட்சி. அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300க்கும் அதிகமானவர்களுக்கு சார்ஸ் பரவியதற்கு, குளியலறைத் தரை டிராப்புகள் வறண்டு கிடந்ததும் ஒரு காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. உபயோகிக்காத குளியலறையில் வாரம் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி வையுங்கள்.

எண்ணெய் முழுக்குப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய்ப் பிசுக்கும் சீயக்காய்த் தூளும் சேர்ந்து, மூட்டின் சொரசொரப்பான விளிம்பில்தான் படியும். ஜாலி போட்டு வடிகட்டுங்கள். கொதிக்கிற தண்ணீரைக் கொட்டி அடைப்பெடுக்காதீர்கள், பி.வி.சி. இளகிவிடும்.

பழைய வார்ப்பிரும்பு மூட்டுகளில் சணல் திணித்து, உருக்கிய காரீயம் ஊற்றியிருப்பார்கள். அது உருகும் சூடு 327 டிகிரி. பிளாஸ்டிக்கோடு சேர்க்க அந்த முறையை நினைக்கவே கூடாது. பழைய ஈயத்தை உளியால் கொத்தும்போது குழந்தைகளும் கர்ப்பிணிகளும் பக்கத்தில் இருக்க வேண்டாம். காரீயத் தூள் உடலில் சேர்ந்தால் லேசில் போகாது. உடைத்த இடத்தைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பிட உட்காருங்கள்.